விளிம்பு வரை ஊற்றிய தம்ளர்

சீனாவில், எங்கள் ஃபூஆன் ஊர்ப் பட்டறையில் தேயிலைப் பூ கட்டுவது முழுக்கப் பெண்கள். ஆண் என்று இருந்தவர் குவோ தேஹாய் ஒருவர்தான். பிஞ்சுத் தேயிலைகளை அடியில் நூலால் இறுக்கி, நடுவில் ஒரு வாடாமல்லியும் அதன்மேல் வளைவாகக் கோத்த மல்லிகையும் வைத்து மூடி, துணியில் சுற்றி உருண்டையாக்கி உலர்த்துவோம். கூடைக்கு ஓர் உருண்டையை வெந்நீரில் போட்டு, ஒழுங்காக மலர்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. உயரமான கண்ணாடித் தம்ளரில் விளிம்பு வரை நீர் இருந்தால்தான் மல்லிகை வளைவு முழுசாக நிமிரும். பூ சாய்ந்தால், அந்தக் கூடை முழுக்க அதைக் கட்டினவளிடமே திரும்பி வரும். அப்போது என் வாய் சும்மா இருக்காது.

"குவோ அண்ணே, சாஞ்சிருக்கிறது பூவா, உங்க கழுத்தா?"

"பூதாம்மா."

அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு சொல் பெயராது.

மல்லிகைத் தேநீர் மனசை லேசாக்கும், செரிமானத்துக்கு நல்லது, முகம் பளபளக்கும் என்று முதலாளி பெட்டியில் அச்சடித்திருக்கிறார். இத்தனை வருடமாகக் குடிக்கிறேன், என் முகத்தை வந்து பாருங்கள். மனசு விஷயம் மட்டும் கொஞ்சம் நிஜம். அந்த வாசனை பட்டால் எனக்கு எரிச்சல் அடங்கும். ஆனால் நாள் முழுக்க அதையே குடித்த குவோவுக்கு ஒன்றும் லேசானதாகத் தெரியவில்லை. மனைவி இறந்துபோன பிறகு வீட்டுக்குப் போகவே அவருக்குக் கால் எழாது. நாங்கள் கிளம்பிய பிறகும், துடைத்த தம்ளரையே துடைத்துக்கொண்டிருப்பார்.

"வீட்டுக்குப் போகலையாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போய் என்னம்மா செய்ய? எதிர்ல ஒருத்தர் உக்காந்து, 'இன்னும் கொஞ்சம் ஊத்துங்க'ன்னு கேட்டா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இதைக் கேட்ட பிறகும் சும்மா இருக்க நான் என்ன கல்லா? பக்கத்து ஊரான நிங்தேயில் மீன் உருண்டைக் கடை வைத்திருந்த லான் சியூஃபெங் எனக்குத் தூரத்து உறவு, என்னைவிடச் சின்னவள். கணவன் இல்லை. ஷாங்காயிலிருந்து மகன் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மருமகள் வீட்டில் ஒண்டிக் கிடக்க அவளுக்கு இஷ்டமில்லை. பேசிப் பேசிக் கரைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை குவோ வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

புதுச் சட்டை போட்டிருந்தார். வறுத்த வேர்க்கடலை, உரித்த ஆரஞ்சு, மேசையில் இரண்டு தம்ளர். இருவரும் மேசையைத்தான் பார்த்தார்கள். நடுவில் நான் எதற்கு என்று, கடைக்குப் போவதாகச் சொல்லி மாடியிலிருந்து இறங்கிவிட்டேன்.

திரும்பி வந்தால், அவள் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள்.

"என்னடி, அதுக்குள்ள?"

"அவருக்கு என்னைப் பிடிக்கலக்கா. விட்டுடு."

"அப்படிச் சொன்னாரா?"

"சொல்லணுமா? தம்ளரை வழிய வழிய ஊத்தி முன்னாடி நகத்தினாரு. ஒரு வாய் குடிச்சிட்டு எழுந்துட்டேன்."

எங்கள் பக்கம் விருந்தாளிக்கு முக்கால் அளவுதான் ஊற்றுவோம். விளிம்பு வரை ஊற்றினால் கிளம்பு என்று அர்த்தம். அவள் பஸ் ஏறிவிட்டாள். நான் மூச்சிரைக்க மேலே ஓடினேன். குவோ அவள் தம்ளருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மல்லிகை அப்பழுக்கில்லாமல் நிமிர்ந்து நின்றது.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"பூ நல்லா எழும்பணுமேன்னு…" என்றவர் தம்ளரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "கை தன்னால ஊத்திடுச்சும்மா."

"இப்பவே போன் போட்டுச் சொல்றேன்."

"வேண்டாம். நீ சொன்னா சால்ஜாப்பு மாதிரி இருக்கும். நானே நேர்ல போய்ச் சொல்றேன்."

நாளைக்கு, நாளைக்கு என்று மல்லிகைப் பருவமே முடிந்தது. நான் திட்டாத திட்டில்லை. கடைசியில் நிங்தேக்குப் போனார். போனபோது கடைப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாளாம். இவர் விஷயத்தைச் சொன்னதும், கண்ணில் நீர் வரச் சிரித்தாளாம். கட்டிய மூட்டையைப் பிரித்து, கெட்டிலை எடுத்து, முக்கால் அளவு தேநீர் ஊற்றினாள். குடித்து முடித்தால் மறுபடி முக்கால். கடைசி பஸ் வரும்வரை அப்படித்தான்.

கிளம்பும்போது வாசலில் சொன்னாளாம்: "உங்க வீட்டுலருந்து போன அன்னிக்கே மகன்கிட்ட வரேன்னு சொல்லிட்டேன். கடையையும் கொடுத்தாச்சு. நீங்க மட்டும் முக்கா தம்ளர் ஊத்தியிருந்தா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு கேட்டிருப்பேன்."

இதைச் சொல்லிவிட்டு குவோ துடைத்த தம்ளரையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

புத்தாண்டு விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனேன். தம்ளரில் உருண்டையைப் போட்டு, முக்கால் அளவு ஊற்றினார். மல்லிகை வளைவு தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, தலைசாய்ந்து நின்றது.

"பூ சாஞ்சிருக்கேண்ணே. கூடையைத் திருப்பி அனுப்பலையா?"

"இருக்கட்டும்மா. குடி."

குடித்தேன். வரும் வழியிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். ஆனாலும் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன். ஊற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.