கரண்டு டில்லரா, பெட்ரோல் டில்லரா?

இன்று பருத்திக் காட்டில் களை உழ ஒரு சின்ன டில்லர் வாங்கப் பெரம்பலூர் போயிருந்தோம்.

என் கணவருக்குக் கரண்டில் ஓடுவதுதான் பிடித்திருந்தது. "மோட்டார் கொட்டாயிலேருந்து வயர் இழுத்தா போதும். நமக்குத்தான் கரண்டு சும்மாவாச்சே."

"ஈரக் காட்டுல வயராங்க? பாப்பா உங்க பின்னாடியே ஓடி வருவாளே."

"காலேஜ் படிச்சா எல்லாத்துக்கும் பயம் வந்துரும்போல," என்று கடைக்காரரிடம் சிரித்தார்.

கடைக்காரர் மூலையிலிருந்த ஒரு கரண்டு டில்லரைக் காட்டினார். "பத்து நாள்கூட ஓடலைங்க. புதுசு மாதிரி."

"ஏன் திருப்பிக் குடுத்தாங்க?" என்றேன்.

கொஞ்சம் தயங்கினார். "வாங்குனவரு கீழப்பழுவூர்க்காரருங்க. வயரு அறுந்து கெடந்தது தெரியாம மிதிச்சுட்டாரு. அங்கேயே போயிட்டாரு. அவரு சம்சாரம் இத வச்சு என்ன பண்ணும்?"

"செருப்பு போட்டிருக்க மாட்டாரு," என்றார் என் கணவர். இவர் காட்டில் செருப்பு போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு, பெட்ரோல் டில்லருக்குப் பில் போடச் சொன்னார்.

இப்போது பெட்ரோல் கேன் வீட்டுக்குள் இருக்கிறது. அடுப்பும் அதே அறையில்தான். பாப்பா இந்த வாரம்தான் மூடி திருகக் கற்றுக்கொண்டாள். மூன்று முறை இடம் மாற்றிவிட்டேன்.

ஒற்றை அறை வீட்டில் நீங்களெல்லாம் பெட்ரோலை எங்கே வைக்கிறீர்கள்? யாராவது சொன்னால் நான் தூங்கப் போவேன்.