கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் இரண்டு சீட்டுகளை ஓட்டிப் பார்த்த கதை

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை கொல்லிமலைக்குப் போனோம். அருவி பார்க்க இல்லை, கோயிலுக்கும் இல்லை. எங்கள் காருக்கு எந்த சீட் வாங்குவது என்று முடிவு செய்யப் போனோம். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நானும் என் தோழி பரிமளாவும் ஆளுக்குப் பாதி காசு போட்டு வாங்கிய கார் இது. பழைய சின்ன கார்தான். வார நாட்களில் ஷெட்டில் தூங்கும். சனி, ஞாயிறு மலைப் பாதைகளில் ஓட்டுவதற்காகவே இன்ஜின், பிரேக், டயர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தோம். எடை குறையட்டும் என்று பின் சீட்டைக்கூடக் கழற்றிவிட்டோம். அப்போதுதான் எனக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆனது. எட்டு மாதம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. டாக்டர் இப்போது ஓட்டலாம் என்கிறார், வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்பது நிபந்தனை. என் வீட்டுக்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "இடுப்பு வேணுமா, கார் வேணுமா, நீயே முடிவு பண்ணிக்க." பெங்களூரிலிருந்து ஒருவர் காரைக் கேட்டுக்கொண்டும் இருந்தார்.

விற்கக் கூடாது என்று நான் முடிவு செய்தாயிற்று. ஆனால் முதுகு அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே. அதற்குச் சரியான சீட் வேண்டும். இங்கேதான் எனக்கும் பரிமளாவுக்கும் சண்டை.

அவள் கேட்டது பக்கெட் சீட். உடம்பைத் தொட்டில் மாதிரி பிடித்துக்கொள்ளும் ஒரே வார்ப்பு, சாயாது, மடங்காது. தலைக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி தடுப்பு. நான் கேட்டது சாய்க்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் சீட். கொஞ்சம் கனம், ஆனால் இடுப்புக்குத் தனியாகக் காற்றடைத்த மெத்தை உண்டு. "அது சோபாடி" என்பாள் அவள். "உன்னுது சவப்பெட்டி" என்பேன் நான். கோவையில் ஒரு கடைக்காரர் எங்கள் சண்டை தாங்காமல், முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டையும் ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். பக்கெட் சீட் இருபத்தெட்டாயிரம், சாயும் சீட் முப்பத்தைந்தாயிரம். பக்கெட்டை ஓட்டுநர் பக்கமும் மற்றதை இடப் பக்கமும் பொருத்தினோம். ஏறும்போது அவள் ஓட்டுவது, இறங்கும்போது நான். மலை சொல்லட்டும்.

ஈரோட்டிலிருந்து திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் வழியாக அடிவாரமான காரவல்லிக்குச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் சேந்தமங்கலத்தில் இட்லி சூடாகக் கிடைக்கும். டேங்கையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

காரவல்லியைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. முதல் பத்தில் பரிமளா பாட்டுப் பாடாத குறை. "பாருடி, அசையவே இல்ல நான்!" உண்மைதான். நான் இடப் பக்கம் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன், அவள் ஆணி அடித்த மாதிரி இருந்தாள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போதெல்லாம் புது அகல டயர் சக்கரத்தை மூடும் உள் கவரில் உரசி 'கர்ர்' என்றது. சமவெளியில் மூன்று மாதம் ஓட்டியும் கேட்காத சத்தம்.

முப்பதைத் தாண்டி வலது பக்கம் திரும்பும் ஒரு வளைவு. இப்படிப்பட்ட இடத்தில் தலையை வலது தோளுக்கு மேல் திருப்பி, மேல் ரோட்டில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். பரிமளா திருப்பினாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது சீட்டின் காதுதான். நான் "பஸ்!" என்று கத்தினேன். மேலிருந்து இறங்கிய பஸ்ஸின் முகம் எங்கள் கண்ணாடியை நிறைத்தது. அவள் பிரேக்கை மிதிக்க, பஸ் டிரைவரும் மிதிக்க, நடுவில் ஒரு கை நீளம் மிச்சம்.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?"

"தெரியலீங்க" என்றாள் பரிமளா. பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் முன்னால் குனிந்து குனிந்துதான் ஓட்டினாள். மேலே சோளக்காடு என்ற ஊரில் இறங்கிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். செம்மேட்டில் சாப்பிட்டுவிட்டு, குண்டனி நாட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் சும்மா போய் வந்தோம். மிளகு பறிக்கும் காலம். சில்வர் ஓக் மரங்களில் ஒற்றை மூங்கில் ஏணி சாத்தி ஆட்கள் உச்சியில் நின்றார்கள். வீடுகளுக்கு முன்னால் பச்சை மிளகு காய்ந்துகொண்டிருந்தது. முதுகு இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் இன்னும் ஓட்டவில்லையே.

இறங்குவதற்காகப் பதினொரு மணிவாக்கில் மறுபடி சோளக்காட்டுக்கு வந்தோம். ரோட்டோரம் ஒரு பிக்கப் வண்டி நின்றது, சுற்றிலும் கூட்டம். பின்னால் சாக்குகளின் மேல் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் படுத்திருந்தார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே கட்டு, கட்டுக்குள் பலகை. பக்கத்தில் அவர் மனைவி அவருடைய தலையை மடியில் வைத்திருந்தார்.

விசாரித்தோம். அவர் பெயர் வெள்ளையன், மனைவி காளியம்மா. காலையில் மிளகு ஏணி சறுக்கி விழுந்திருக்கிறார். மலைமேல் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, காலை அசையாமல் கட்டி, ஆபரேஷனுக்கு நாமக்கல் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் பிரசவக் கேஸோடு கீழே போயிருந்தது, திரும்பி வர நேரமாகும். சரி என்று சொந்தக்காரர் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். இங்கே வருவதற்குள் வெள்ளையன் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டார்.

"குலுங்குற குலுங்குல உசுரு போவுதுங்க. நான் ஆம்புலன்ஸ் வந்தே போறேன்" என்றார் அவர் எங்களைப் பார்த்து. முகமெல்லாம் வேர்வை. மலைக்குளிரில் வேர்வை.

நான் பரிமளாவைத் தனியாக இழுத்தேன். "நம்ம கார்ல கூட்டிட்டுப் போலாம்."

"சுதா, இருக்கறதே ரெண்டு சீட்."

"அவரு இடது சீட்டுல படுப்பாரு. நான் ஓட்டறேன். நீ அந்த அம்மாகூட பிக்கப்ல பின்னாடி வா."

"உன் முதுகு? நடுவுல புடிச்சிக்கிச்சுன்னா? நடு ரோட்டுல ரெண்டு பேரா படுத்துக்குவீங்களா? குடு, நான் ஓட்டறேன்."

அவள் சொன்னது நியாயம். ஆனால் அவள் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேகம் குறைப்பாள், கவனமாக இருப்பாள், ஆனால் சின்னக் குழியில் இறக்கிவிடுவாள். அது குழி என்றே அவளுக்குத் தோன்றாது. ஆபரேஷன் முடிந்து நான் வீட்டுக்கு வந்த அன்று, ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் என் முதுகில் ஏறி இறங்கியது. உடைந்த உடம்புக்கு எது குழி என்று எனக்குத் தெரியும்.

"நாந்தான் ஓட்டுவேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சாவியைக் கொடுத்தாள்.

முதலில் ஷாக் அப்சார்பர். இதைப் பற்றியும் எங்களுக்குள் பழைய தகராறு உண்டு. அவள் விறைப்பான ஒன்றைக் கேட்டாள், நான் பிடிவாதமாகத் திருகு வைத்த மாடலை வாங்கினேன். கையால் திருகினால் விறைக்கும், எதிர்ப்பக்கம் திருகினால் தளர்ந்து குலுக்கலை விழுங்கும். பானெட்டைத் திறந்து முன்னால் இரண்டு, டிக்கியைத் திறந்து பின்னால் இரண்டு, எல்லாவற்றையும் கடைசி வரை தளர்த்தினேன். டயரில் காற்றையும் கொஞ்சம் இறக்கினேன். இடது சீட்டைப் பின்னுக்குத் தள்ளி முழுக்கச் சாய்த்ததும் அது கட்டில் மாதிரி ஆனது. நான்கு பேர் சேர்ந்து வெள்ளையனைப் படுக்க வைத்து, கட்டுப் போட்ட காலுக்கு இரண்டு பக்கமும் சாக்கைச் சுருட்டி அணை கொடுத்து, பெல்ட்டையும் மாட்டினார்கள். காளியம்மா ஜன்னல் வழியாக அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு என்னிடம், "பாத்து, சாமி" என்றார்.

எழுபதாவது பலகையிலிருந்து கீழே.

இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. பிரேக்கைத் தடவினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கிட்டத்தட்ட நின்று, சீட்டின் காதைத் தாண்டித் தலையை முன்னே நீட்டி, கீழிருந்து ஏறும் வண்டிக்கு வழிவிட்டு, பிறகு திரும்பினேன். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. பின்னால் ஹாரன் அடித்தவர்களைப் பிக்கப்பிலிருந்து பரிமளா கையை நீட்டித் தடுத்துக்கொண்டே வந்தாள். அவள் வாய் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்காததே நல்லது.

முதல் சில வளைவுகளில் வெள்ளையன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். "வலிச்சா சொல்லுங்கண்ணா, நிறுத்தறேன்."

"நிறுத்தாதீங்க அம்மணி. போய்ட்டே இருங்க."

அறுபதுக்குக் கீழே வந்தபோது முனகல் குறைந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லத் தலையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தன காசு போட்டுக் கார் வாங்கிட்டு, பின்னாடி சீட்ட ஏனுங்க புடுங்கிப் போட்டீங்க?"

"எடை கொறையும்ணா. அதுவுமில்லாம, அது இருந்திருந்தா நீங்க இப்படிக் கால நீட்டிப் படுக்க முடியாதே."

"அதுஞ்செரி. எம்பொண்டாட்டி பிக்கப்ல குலுங்கிக்கிட்டு வாறாளே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரிக்கப் பார்த்து, கால் இழுக்க, "அய்யோ, சிரிக்க வெக்காதீங்க" என்றார்.

நாற்பதுக்குக் கீழே ஓரிடத்தில் குரங்கு ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்துவிட்டேன். அவர் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓரம் கட்டினேன். இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். "மன்னிச்சுக்கங்கண்ணா" என்றேன். அவர் கண்ணை மூடியபடி, "கொரங்குக்கு என்னங்க தெரியும், எடுங்க வண்டிய" என்றார்.

மறுபடி கிளட்சை விடும்போதுதான் ஒன்று உறைத்தது. என் முதுகு எங்கே? வலிக்கவில்லை. வளைவுகளில் வழக்கமாகக் கால்களை ஊன்றி, இடுப்பை இறுக்கி, விழாமல் பிடித்துக்கொள்வோமே, அந்த வேலை முழுவதையும் சீட்டின் இரண்டு பக்கச் சுவர்கள் செய்துகொண்டிருந்தன. பரிமளாவின் சவப்பெட்டி என்னைத் தாங்கியது. என் சோபா வெள்ளையனைத் தாங்கியது.

சாதாரணமாக முக்கால் மணி நேர இறக்கம், எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி ஆனது. பிறகு சமவெளி. நாமக்கல் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்து அவரை எடுத்துப் போனார்கள். காளியம்மா பிக்கப்பிலிருந்து குதித்துப் பின்னால் ஓடினார். நான் சீட்டிலேயே இருந்தேன். எழுந்து நிற்கப் பயம். வண்டி ஓடும்போது வலிக்காத முதுகு நிற்கும்போது காட்டிவிடுமோ என்று. பரிமளா கதவைத் திறந்து, இரண்டு கையையும் நீட்டினாள். நான் அவள் கையைப் பிடிக்காமல் எழுந்தேன். நின்றேன். பத்தடி நடந்தேன். அவள் அழுதாள். நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "பெங்களூர்க்காரர வர வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றேன்.

வெள்ளையனுக்குக் காலில் பிளேட் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து காளியம்மா கூப்பிட்டார். கோல் ஊன்றி நடக்கிறாராம், மச்சான்கள் மிளகைப் பறித்துவிட்டார்களாம், ஏணிப் பக்கம் போகக் கூடாது என்றால் கேட்பதில்லையாம்.

நாங்கள் கடைசியில் இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டோம். பக்கெட்டை மட்டும் அதே அளவில் காது இல்லாத மாடலாக மாற்றினோம். காருக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் எல்லாரும் ஏன் ஜோடி இல்லை என்று கேட்கிறார்கள். பின் சீட்டைத் திரும்பப் போடுவதா என்ற சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் காரிலும் இப்படி ஏதாவது மாற்ற நினைத்தால் நான் சொல்வது இவ்வளவுதான். சீட்டை மாற்றினாலும், கழற்றினாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்சூரன்ஸிலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய சீட்டுக்குள் ஏர்பேக் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். புது சீட்டைக் கம்பெனி போல்ட் துளைகளிலேயே உட்காரும் பிராக்கெட்டில் பூட்டுங்கள், தரையில் புதுத் துளை போடும் மெக்கானிக்கிடம் போகாதீர்கள். அகல டயர் போட்டால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, ஆள் ஏற்றி, உரசுகிறதா என்று பாருங்கள். ஷாக் அப்சார்பருக்குச் செலவு செய்வதாக இருந்தால் தளர்த்த முடிந்ததாக வாங்குங்கள். மலையில் ஓட்டுவீர்கள் என்றால் தலைப்பக்கத் தடுப்பு உள்ள சீட் வேண்டாம். வளைவுகளுக்குப் பயந்தால் முள்ளுக்குறிச்சி வழியாகவும் மலைக்கு ரோடு உண்டு.

கடையில் ஓட்டுநர் சீட்டில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் போதாது. அதை முழுக்கச் சாய்த்து, கண்ணை மூடி, படுத்தும் பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.