இரண்டு கையையும் தூக்கினேன்

ராஜபாளையத்தில் எங்கள் மில் கால்பந்து அணிக்கு நான் தடுப்பாட்டக்காரன். கோல் போடத் தெரியாதவனைத்தான் அங்கே நிறுத்துவார்கள். எண்பதுகளில் ஓர் உலகக் கோப்பையை மில் மன்றத்து டிவியில் பார்த்தபோது எனக்கென்று ஒருவர் கிடைத்தார். தென் அமெரிக்கக்காரர், அவரும் தடுப்பாட்டக்காரர். எதிராளியைச் சறுக்கி விழத்தட்டுவார். உடனே எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, பால்வடியும் முகத்தோடு நடுவரைப் பார்ப்பார். அவருடைய ஆட்டத்தைவிட அந்த முகம்தான் எனக்குப் பிடித்துப்போனது. வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன்.

அடுத்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் அணியோடு இறுதி ஆட்டம். அவர்கள் முன்வரிசையில் மம்சாபுரத்துக்காரன் ஒருவன், கூலி வேலைக்குப் போகிறவன். அன்று நன்றாக ஆடினால் எங்கள் மில்லில் அவனுக்கு வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நானே அப்படி ஆடி வேலைக்குச் சேர்ந்தவன்தான்.

ஆட்டம் முடியப்போகும் நேரம் அவன் என்னைத் தாண்டினான். சறுக்கினேன். பந்து எங்கோ போயிற்று. என் பூட்ஸுக்கு அடியில் அவன் கணுக்கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

எங்கள் மைதானத்தில் ஒரே ஒரு நடுவர். அவர் தூரத்தில் நின்றுவிட்டால் தடுத்தவனிடமே கேட்பார். அவன் சொல்வதுதான் தீர்ப்பு. அதில் அதுவரை யாரும் பொய் சொன்னதில்லை.

"ஏலே, பந்தா காலா? உள்ளதச் சொல்லு."

இரண்டு கையையும் தூக்கினேன். "பந்துதான் சார்."

பெனால்டி இல்லை. கோப்பை எங்களுக்கு. அவனை ஆட்டோவில் ஏற்றினார்கள், என்னைத் தோளில் ஏற்றினார்கள். மில் வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை.

பல வருடம் கழித்து, அந்தத் தென் அமெரிக்கர் ஓய்வு பெற்றதாகப் பத்திரிகையில் படித்தேன். ஆடிய அணிகள், வாங்கிய கோப்பைகள் எல்லாம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். யார் யார் காலை உடைத்தார் என்று ஒரு வரிகூட இல்லை. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஷிப்ட் முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

அவன் பஸ் ஸ்டாண்டு வாசலில் கொய்யாப்பழம் விற்பது எனக்குத் தெரியும். அத்தனை வருடமும் அந்தப் பக்கம் திரும்பாமல் போய்வந்தவன் நான். ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"வாங்கண்ணே!" என்றவன், பக்கத்தில் பூ விற்ற அம்மாளிடம் திரும்பினான். "இந்த அண்ணனத்தாங்க்கா எங்க ஊர்ல அம்புட்டுப் பேரும் திட்டுவானுவ. நான் விடமாட்டேன். அவிய வாயால பந்துன்னு சொன்ன பொறவு என்ன பேச்சு? நாந்தான் காலத் தப்பா வச்சுட்டேன்."

சொல்ல வந்த வாய், பழம் என்ன விலை என்று கேட்டது. காசெல்லாம் வேண்டாம் என்று என் இரண்டு கையிலும் பழத்தைத் திணித்தான். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.