லாரி ஏறாத கூரைச்சட்டம்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் சாலையோரம் இருக்கிறது ஜோயலின் மர மில். அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முனீஸ்வரிக்கு அடுக்கு வேலைதான். அறுத்து விழுகிற பலகைகளைத் தோளில் சுமந்து வந்து, வரிசைக்கு வரிசை நடுவில் ரீப்பர் என்கிற ஒல்லிக் கட்டைகளை வைத்து, காற்று நுழைந்து ஈரம் இறங்கும்படி அடுக்க வேண்டும். கேட்பதற்கு லேசான வேலைதான். ரீப்பர் ஒன்று இடம் விலகினால் போதும், காய்வதற்குள் பலகை வளைந்துவிடும். அவள் அடுக்கிய மரம் வளைந்ததாக யாரும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சும்மா விட்டிருக்கவும் மாட்டாள். வருசநாட்டில் பிறந்தவள், வாய் கொஞ்சம் நீளம்.

இதற்கிடையில் மலையடிவாரத்தில் தங்கும் விடுதி கட்டுகிறவர்கள் மரக்கூரை கேட்க ஆரம்பித்தார்கள். நகரத்துக்காரர்களுக்குக் கான்கிரீட் அலுத்துவிட்டதாம்! தூத்துக்குடியில் கப்பலில் வந்து இறங்கும் பைன் மரமும், தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக்கும் மில்லுக்கு வந்து குவிந்தன. சுவர் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு கைமரமாக இழைத்துப் பொருத்த இப்போது யாருக்கும் பொறுமை இல்லை. கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்களை மில்லிலேயே பெரிய மேசையில் கிடத்தி, மூட்டுகளில் பல் வைத்த இரும்புத் தகடுகளை அழுத்தி, முழுசாகவே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். கட்டடத்தில் கிரேன் தூக்கி வைத்துவிடும்.

ஜோயலும் அப்படி ஒரு மேசை போட்டான். அதை முனீஸ்வரியிடம் ஒப்படைத்ததில் மில்லே வாயைப் பிளந்தது. மூத்த தச்சர் சுரேஷ்கண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஜோயல் பிடித்த பிடியில் நின்றான்.

“ஈர மரத்தத் தொட்டுப் பாத்தே ஒதுக்குற ஆளு நீங்கதான்க்கா. மொதக் கூரை நேரா உக்காரட்டும், மேசை உங்களுக்கு. கோணுச்சுன்னா சுரேஷ்கண்ணன் அண்ணனுக்குக் குடுத்துருவேன். என்னையத் தப்பா நெனைக்கக் கூடாது.”

அந்த மேசை அவளுக்கு வேண்டும். தோள் தேய்ந்துகொண்டு வருவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இத்தனை வருசம் மரம் சுமந்தும் ஒரு பொருளையாவது முழுசாகச் செய்து முடித்து, இது நான் செய்தது என்று அவளால் காட்ட முடிந்ததில்லை.

முதல் வேலை ஒரு விடுதியின் சாப்பாட்டுக்கூடம். முதல் சட்டத்தை அவளே ஆற அமரச் செய்தாள். அதுதான் மாதிரி. அதைப் புது மரத்தின் மேல் வைத்துக் கோடு போட்டு அறுத்தால் எல்லாச் சட்டமும் ஒரே அச்சாக வரும். பாதி முடிந்திருந்தபோது லாரிக்காரர் வந்து, வெளியே அடுக்கியிருந்த சட்டங்களையெல்லாம் ஏற்றிக் கயிறு கட்டினார். மாதிரியும் அதற்குள் போய்விட்டதை அவள் பார்த்தாள். கயிற்றை அவிழ்க்கச் சொல்லச் சோம்பலாக இருந்தது. “அத வச்சுச் செஞ்சதுதான இதுவும்? இத வச்சே கோடு போடுவோம்” என்று, மேசையிலேயே கிடந்த கடைசிச் சட்டத்தை எடுத்துக்கொண்டாள். அதை வைத்துச் செய்தது அடுத்ததற்கு மாதிரி ஆனது. பென்சில் கோடு எப்போதும் மரத்துக்கு வெளியேதான் விழும். வாய்க்கு வாய் வளர்கிற வதந்தி மாதிரி, ஒவ்வொரு சட்டமும் முந்தியதைவிடக் கோடளவு வளர்ந்துகொண்டே போனது.

விடுதியில் எல்லாவற்றையும் நிறுத்தி, முகட்டு வரிசையில் நூல் பிடித்தார்கள். முதல் பாதி நூலைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அடுத்த பாதி படிப்படியாக ஏறியது. கடைசிச் சட்டம் நூலை இரண்டு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. முனீஸ்வரி ஏணியில் ஏறி விரல் வைத்து அளந்து பார்த்தாள்.

“தாழ்ந்த எடத்துல தக்கை வச்சு ஷீட்டப் போட்டுருவோம். யாரு கண்டா?” என்றான் ஜோயல். அவள் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னான்.

“காத்து கண்டுரும் தம்பி.”

ஆடி மாதம். கணவாய் வழியாக இறங்கிய மேல்காற்று சட்டங்களுக்கு நடுவே விசிலடித்தது. இந்தப் பக்கத்தில் கூரைக்கு மேலிருந்து வரும் பாரம் பெரிதல்ல. கீழே புகுந்து தூக்குகிற காற்றுதான் வில்லங்கம்.

“தக்கை வச்ச எடத்துல சந்து விழும். ஆடி மேகாத்துல என் வீட்டுக் கூரை பறந்து, பிள்ளைகளோட வானத்தப் பாத்துக் கெடந்தவ நான். இங்கன உக்காந்து சாப்புடுறவுக தலையில ஷீட்டு விழ வேணாம். மாதிரிய லாரியில ஏத்த விட்டது நான்தான். தப்பு என்னோடது. எறக்கச் சொல்லுங்க.”

“எறக்குனா, கோணுச்சுன்னு ஆயிரும்க்கா.”

“தெரியும் தம்பி. எறக்கச் சொல்லுங்க.”

ஆட்கள் ஜோயலின் முகத்தையே பார்த்து நின்றார்கள். சுரேஷ்கண்ணன்தான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முதலில் ஏறினார். “ஏலே, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? ஏணியப் புடிங்கலே!”

அளவு தப்பிய சட்டங்களோடு மாதிரியையும் இறக்கி மில்லுக்குக் கொண்டு வந்தார்கள். தகடுகளைப் பிடுங்கி, நீண்டிருந்த மரத்தையெல்லாம் மாதிரியின் அளவுக்குக் குறைத்து, புதுத் தகடு அழுத்தினார்கள். மறுபடி தூக்கி நிறுத்தியபோது முகடெல்லாம் ஒரே நேராக நூலைத் தொட்டது. விடுதிக்காரருக்குத் தாமதமானதில் கோபம். ஜோயலுக்குத் தகடு வீணானதில் வருத்தம்.

மறுநாள் காலை முனீஸ்வரி யாரும் சொல்லாமலே அடுக்குக்குப் போனாள். பேச்சு பேச்சுதானே. பலகைகளின் மறைவில் நின்று கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு ரீப்பர் வைக்கத் தொடங்கினாள்.

சுரேஷ்கண்ணன் தேடிக்கொண்டு வந்தார். “ஏத்தா முனீசு, இங்கன என்ன பண்ற?”

“மேசை இனி ஒங்களுதுண்ணே.”

“அன்னைக்கு நான் பொறுப்புல இருந்திருந்தா தக்கை வச்சு மூடிட்டு வந்திருப்பேன். எனக்குத் தெரியாதா என்னைய? ஜோயல்கிட்டச் சொல்லிட்டேன். நீயே வந்து நில்லு. அறுக்குறதுக்கு நான் இருக்கேன்.”

கையிலிருந்த ரீப்பரைச் சரியாக வைத்து முடித்துவிட்டுத்தான் அவள் அவர் பின்னால் போனாள்.

அடுத்த வேலைக்கு முதல் சட்டத்தைச் செய்து முடித்ததும், பெயிண்ட் டப்பாவைத் திறந்து அதற்குச் சிவப்பு அடித்தாள். ஓரம், மூட்டு, தகடு எதையும் விடவில்லை. ஏற்ற வந்த லாரிக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இது எந்த சைட்டுக்குப் போகுதுக்கா?”

“எங்கிட்டும் போகாது. இது இங்கனதான் இருக்கும்” என்ற முனீஸ்வரி, மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். “நானும் இங்கனதான் இருப்பேன்.”