பாலு திரும்பிப் பார்க்கவில்லை

என் நாய்க்குக் காது கேட்காது. தெரிந்தே அதைத் தேர்வில் நிறுத்தினேன். தெரிந்தே ஜெயிக்க வைத்தேன். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்...

செல்போன் எல்லார் கைக்கும் வந்திராத காலம். ராயபுரத்தில் எங்கள் தெருவே தீபாவளிச் சரவெடியில் அதிர்ந்துகொண்டிருக்க, வெள்ளைக் குட்டி பாலு வாசலில் குறட்டை விட்டுத் தூங்கினான். "செம தில்லு மாமு உன் நாய்க்கு!" என்றான் பக்கத்து வீட்டு காதர். எனக்கும் பெருமைதான். மறுநாள் பாலுவின் தலைக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்த்தேன். காது மடல்கூட அசையவில்லை!

அப்போது நான் துறைமுகத்தில் வேலையில் இருந்தேன். கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் இருப்பார். அந்த இரைச்சலில் கத்தினால் என்ன கேட்கும்? கீழே நின்று கை ஜாடையால் அவருக்கு வழி சொல்வதுதான் என் பிழைப்பு. அந்த ஜாடைகளையே பாலுவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். கையை மூடினால் நிற்பான். உள்ளங்கையைத் தாழ்த்தினால் படுப்பான். விரலைச் சுழற்றினால் எழுந்து வருவான்.

எவ்வளவு இரும்பை இந்தக் கை ஏற்றி இறக்கியிருக்கும்! அப்போதெல்லாம் வராத சிலிர்ப்பு, ஓர் உயிர் என் விரல் நுனியையே பார்த்து நின்றபோது வந்தது.

பேச்சு வராத, நடக்க முடியாத குழந்தைகளுக்கு எங்கள் பக்கம் ஒரு பள்ளி இருந்தது. அந்தக் குழந்தைகளோடு பழகவிட, சாதுவான நாய்களைத் தேர்வு வைத்து எடுக்கப்போவதாகக் கால்நடை டாக்டரம்மா சொன்னார். காது கேட்காத நாய் மட்டும் கூடாதாம். பின்னாலிருந்து தொட்டால் மிரண்டு கடித்துவிடுமாம்.

என் பாலுவா கடிப்பான்? ரோஷம் வந்துவிட்டது எனக்கு. அவன் தூங்கும்போது முதுகைத் தொடுவேன். விழித்ததும் கருவாட்டுத் துண்டு கொடுப்பேன். நாளாக ஆக, யார் தொட்டு எழுப்பினாலும் வாலை ஆட்டிக்கொண்டே கண் விழித்தான்.

தேர்வன்று காதைப் பிடித்து இழுத்தார்கள். சக்கர நாற்காலியை உரசினாற்போல் ஓட்டினார்கள். பின்னால் சிமெண்ட் தரையில் இரும்புத் தட்டைப் போட்டார்கள். மற்ற நாய்கள் துள்ளி ஓடின. பாலு புத்தர் சிலையாக உட்கார்ந்திருந்தான். "கூப்பிடுங்கள்" என்றார்கள். ஊருக்கே கேட்கும்படி "பாலு!" என்று கத்தினேன், தொடையோரம் விரலைச் சுழற்றினேன். வந்துவிட்டான்! இப்படி ஒரு நிதானத்தைக் கண்டதே இல்லை என்றார் டாக்டரம்மா.

பள்ளியில் கௌரி என்றொரு சிறுமி. வியாசர்பாடிக்காரி. யாரையும் தொட மாட்டாள். ஒரு சொல்கூடப் பேசியதில்லை. பாலு அவள் பாதத்தில் மோவாயை வைத்துப் படுத்துக்கொள்வான். நான் எந்த ஜாடையும் காட்டவில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவனுக்கு? சில வாரங்களில் அவள் விரல்கள் அவன் ரோமத்துக்குள் நுழைந்தன. பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கோயிலில் நிற்பதுபோல் இருந்தது.

பிறகு அந்த நாள்...

பாலு ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தான். அவன் முதுகைப் பார்த்து கௌரி வாயைத் திறந்தாள். "பா...லு!"

அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயோ, அந்தக் குரல்!

பாலு திரும்பவில்லை. "பாலு!" என்றாள் மறுபடியும், இன்னும் உரக்க.

பழைய கட்டடத்து மாடி அது, மரத்தளம். காலால் ஒருமுறை ஓங்கித் தட்டினால் போதும், அதிர்வு உணர்ந்து திரும்பிவிடுவான். வீட்டில் பலகையைத் தட்டி அப்படித்தான் கூப்பிடுவேன். ஆனால் டாக்டரம்மா பக்கத்திலேயே நின்றார். தட்டினால் குட்டு உடைந்துவிடும்... என் கால் எழவேயில்லை!

"இன்னாண்ணா, கொய்ந்த கூப்டுகினே கீது... திரும்ப மாட்டேன்னுதே?" என்றாள் அந்தத் தாய்.

"காக்காவப் பாத்துகினு கீதும்மா" என்றேன்.

கௌரி சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அதன் பின்னும் அவனைத் தடவிக் கொடுத்தாள், ஆனால் கூப்பிடவில்லை. வேறு யாரையும் கூப்பிடவில்லை.

அவன் திரும்பியிருந்தால் அடுத்த சொல் வந்திருக்குமா? வராமலும் போயிருக்கலாம்... எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா?

பாலு போய்ச் சேர்ந்துவிட்டான். கௌரியின் அம்மாவை இப்போதும் மார்க்கெட்டில் பார்க்கிறேன். கையிலிருக்கும் பையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கும்பிடுவாள்.

"உன் நாய் புண்ணியத்துலதாண்ணா எம் பொண்ணு கொரல ஒரு நாளாவது கேட்டேன்."

நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.