சாமித்தட்டுக்கு மேலே ஒரு பெட்டி

லண்டன் வால்தம்ஸ்டோவில் அந்த இரண்டு வீடுகளும் ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் சூடேற்றும் பாய்லரைப் பூட்டியவனும் ஒரே ஆள்தான். அப்படியிருக்க, டொலறஸின் வீட்டில் மார்கழியிலும் சுவெட்டர் இல்லாமல் திரியலாம். சிவனேஸ்வரியின் வீட்டில், சூடு தரவேண்டிய ரேடியேட்டரைத் தொட்டால் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிரும். இந்த அநியாயம் அவளுக்குத் தாங்கவில்லை.

கணவர் ஆனந்தராஜா ஷிப்ட் முடிந்து வந்ததும் வராததுமாக, "இஞ்சை குளிருதப்பா. டொலறஸின்ரை மனுசனோடை காட்ஸ் விளையாடிப்போட்டு வாறன்" என்று கிளம்பிவிடுவார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ரேடியேட்டருக்குள் காற்று அடைத்திருக்கும் என்று அவர் சாவி போட்டுத் திறந்து பார்த்தார். காற்று வரவில்லை, கறுப்புத் தண்ணீர்தான் முகத்தில் அடித்தது. பிறகு திருத்துவதற்கு, பாய்லர் பூட்டிய பாஸ்கரனே வந்தான். அவன் சப்பாத்தோடு ஹோலுக்குள் ஏறவே, சிவனேஸ்வரி அங்கிருந்த சாமித்தட்டின் விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிட்டாள். ஒரு மணித்தியாலத்தில் எல்லா ரேடியேட்டரும் கொதித்தன. "ஒரு பிழையும் இல்லை அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். பிள்ளையாருக்கு நன்றி சொல்லி அவள் விளக்கேற்றினாள். பின்னேரம் பழையபடி குளிர்.

டொலறஸின் கண்ணூறுதான் என்று முடிவுகட்டினாள். ஒரு திரியை ஐந்தாக்கி, நாள் முழுக்க அணையாமல் எண்ணெய் வார்த்தாள். வீடு இன்னும் குளிர்ந்தது.

தொண்ணூற்றுமூன்று தையில் ஆனந்தராஜாவின் தம்பி மனைவி சிவமலருக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சிவனேஸ்வரிக்குப் பிள்ளையில்லை. தாயையும் பிள்ளையையும் முப்பத்தொரு நாள் தன் வீட்டில் வைத்துப் பார்க்க ஆறு மாதமாகக் காத்திருந்தாள். பத்தியக் கறிக்குச் சரக்குக்கூட இடித்து வைத்திருந்தாள். பிள்ளை பிறந்த துடக்கென்று விளக்கை அணைத்துத் திரை மூடிய மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து சிவமலரின் போன் வந்தது.

"கோவிக்காதேங்கோ அக்கா. உங்கடை வீட்டுக் குளிர் பிள்ளைக்கு ஏலாது. டொலறஸ் அக்கா தன்ரை வீட்டை வரச் சொல்லுறா."

அழுது முடிவதற்குள் டொலறஸ் வாசலில் நின்றாள். சரக்குத்தூள் வாங்க வந்தாளாம்! எவ்வளவு நெஞ்சழுத்தம்!

உள்ளே வந்தவள் கோட்டைக் கழற்றினாள். "என்ன சிவனேஸ், இந்தச் சூடு?"

அப்போதுதான் சிவனேஸ்வரி தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கோபத்தில்தான் வியர்க்கிறது என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள்.

டொலறஸ் சாமித்தட்டைப் பார்த்தாள். அதற்கு நேர் மேலே, வீட்டுச் சூட்டை அளந்து பாய்லரை ஏவும் சின்னப் பெட்டி சுவரில் இருந்தது. அதன் அடிப்பக்கம் ஒரே புகைக்கரி.

"இதுக்குக் கீழையோ விளக்குக் கொளுத்துறனீர்? வீடு நல்ல சூடெண்டு நினைச்சு இது பாய்லரை நிப்பாட்டிப்போடுமெல்லோ!"

சிவனேஸ்வரி விரலால் அந்தக் கரியைத் தொட்டுப் பார்த்தாள். கண்டுபிடித்தவள் வேறு யாராகவாவது இருந்திருக்கக் கூடாதா?

அடுத்த நாள் சிவமலர் பிள்ளையோடு இங்கேயே வந்தாள். சாமித்தட்டு குசினிக்கு மாறியிருந்தது.

"ஆரக்கா பிழையைக் கண்டுபிடிச்சது?"

டொலறஸ் பக்கத்தில்தான் நின்றாள். ஆனாலும் சிவனேஸ்வரியின் வாயில், "நான்தான்" என்று வந்துவிட்டது.

"ஓம், அவதான்" என்றாள் டொலறஸ், கண்ணிமைக்காமல்.

மறுத்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். பெருந்தன்மையிலும் அவளே முந்திவிட்டாள். சிவனேஸ்வரிக்கு வயிறு பற்றி எரிந்தது. இதிலாவது தோற்கக்கூடாதென்று, மடியில் இருந்த பிள்ளையை, இன்னும் ஆசை தீராத பிள்ளையை, டொலறஸிடம் நீட்டினாள்.

"இந்தாரும், பிடியும். தலையைப் பார்த்துப் பிடியும்."