இரண்டு கதவும் திறந்த தேநீர்க்கடை

குடும்பச் சண்டை என்பதால் இதை எழுதப் பல வருடம் தயங்கினேன்.

பாரிஸ் லா ஷப்பல், ரூ காய் தெரு. கோயில் திருவிழாவில் காளாஞ்சி மரியாதை யாருக்கு முதலில் என்று சண்டை பிடித்துப் பேச்சை விட்ட என் தம்பிமார் இருவரும் தேநீர்க்கடை வாசலில் மழையில் நனைகிறார்கள். சமாதானம் பேச நான்தான் கூப்பிட்டேன். மற்றவர் முதலில் நுழைய இருவருமே விடுவதாயில்லை.

கடைக்காரர் சிரிக்கிறார்.

"அந்தக் காலத்திலை இஞ்சத்தை ராசாக்களின்ரை தூதர்மாரும் இப்பிடித்தான் அக்கா. சமாதானம் பேச வந்திட்டு, ஆர் முதல் உள்ளிடுறதெண்டு பிடுங்குப்படுவினமாம். பிறகு ஆளுக்கொரு வாசல் வைச்சு ஒண்டாப் போனவையாம். மகளின்ரை சரித்திரப் புத்தகத்திலை கிடக்கு."

அடைத்திருந்த பக்கக் கதவையும் திறந்துவிடுகிறார். "ரெண்டு பேரும் வாங்கோ, தேத்தண்ணி ஆறுது!"

ஆளுக்கொரு கதவால் வருகிறார்கள். சின்னவன் கோப்பையைத் தள்ளுகிறான்.

"அண்ணை, முதல் நீங்கள் குடியுங்கோ."

கோயில் அம்மாளாச்சித் தாயே, உனக்கும் கடைக்காரருக்கும் நன்றி. வாசிப்பவர்கள் இதை உள்ளபடியே மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். யார் முதலில் நுழைந்தார் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.